மஞ்சப்பைக்குள் இருந்த மாத்திரை அட்டைகள்: ஒரு மூதாட்டியின் தீராத வயிற்றுப்போக்கு – நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. நான் அந்தப் பகுதியில் சிறிய கிளினிக் நடத்தும் பொது மருத்துவர். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 71 வயதுப் பெண்மணி. வீட்டில் எல்லோருக்கும் 'ஆயா'. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாதா மாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவந்தார். (2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) இது போக, எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு யாரோ எழுதிக் கொடுத்த பான்டோபிரசோலை மூன்று வருடமாக வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் அவரும் நிறுத்தவில்லை.

அதே வீட்டில் மகன், மருமகள், மூத்த பேரன், அவன் மனைவி. பேரனின் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. எல்லோருக்கும் கொல்லையில் ஒரே கழிப்பறை.

ஏப்ரலில் மாந்தோப்பில் ஆயாவின் காலில் முள் குத்தியது. இரண்டு நாளில் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்துவிட்டது. டவுனில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து 5 நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு 10 நாள் கிளின்டாமைசின் மாத்திரை. சர்க்கரை நோயாளிக்குக் காலில் சீழ் பிடித்தால் ஆன்டிபயாடிக் இல்லாமல் முடியாது. கால் பிழைத்தது அந்த மருந்துகளால்தான்.

இந்த நாட்களில் இன்னொரு மாற்றமும் நடந்தது. புண் ஆறும் வரை ஆகாது என்று களி, மொச்சை, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பிரெட், ரஸ்க், குழைந்த சோறு என்று கொடுத்திருக்கிறார்கள். பிறந்தது முதல் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாப்பிட்டு வளர்ந்த குடலுக்கு, ஒரு மாதம் நார்ச்சத்தே போகவில்லை.

மே மாதம்: கவனித்தவையும் கவனிக்கத் தவறியவையும்

மாத்திரை முடிந்து சுமார் மூன்று வாரம் கழித்து வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதல் நாள் நான்கு முறை, அடுத்த நாள் எட்டு முறை. மாம்பழ சீசன். "பழம் சூடு, அதான் வயித்தால போகுது" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மெடிக்கலில் கேட்டு, போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கிப் போட்டார்கள். இரண்டு நாள் நின்றது. வயிறு மட்டும் உப்பியது.

பிறகு என்னிடம் வந்தார்கள். காய்ச்சல் லேசாக இருந்தது, அடிவயிற்றை அழுத்தினால் வலி. மெட்ஃபார்மினாலும் சிலருக்கு வயிறு இளகும் என்பதால் முதலில் அதை யோசித்தேன். ஆனால் 12 வருடமாக ஒத்துக்கொண்ட மருந்து திடீரென இப்படிச் செய்வது அரிது. உணவில் ஏதோ தொற்று என்று நினைத்து, எங்கள் பகுதியில் வயிற்றுப்போக்குக்குக் கை தானாக எழுதும் ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையை 5 நாளுக்கு எழுதினேன். ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்தேன்.

காலில் கட்டு இருந்ததைப் பார்த்தேன். "காலுக்கு என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்கவில்லை. அன்று கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நான்காம் நாள் அந்தத் தன்னார்வலர் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போயிருக்கிறார். ஆயா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். நாக்கு காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அந்தப் பெண் செய்த காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். மருந்து வைத்திருக்கும் மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். மெட்ஃபார்மின், பான்டோபிரசோல், லோபரமைடு, நான் எழுதிய மாத்திரை. அவற்றோடு கிளின்டாமைசினின் காலி அட்டை ஒன்று. அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மெட்ஃபார்மின், லோபரமைடு, ஓஃப்ளாக்சசின் மூன்றையும் உடனே நிறுத்தச் சொன்னேன். 108-ஐ வரவழைத்து அனுப்பி வைத்தோம்.

மருத்துவமனையில் கண்டது

ரத்தத்தில் தொற்றைக் காட்டும் வெள்ளணுக்கள் 21,400. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.9. பொட்டாசியம் 2.9, குறைவு. ஸ்கேனில் பெருங்குடல் சுவர் தடித்திருந்தது. மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெங்களூரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் ஆன்டிஜென், நச்சு இரண்டுமே பாசிட்டிவ். வெள்ளணு 15,000-ஐயோ கிரியேட்டினின் 1.5-ஐயோ தாண்டினாலே இந்த நோயில் அது தீவிர நிலை. இவருக்கு இரண்டுமே தாண்டியிருந்தன.

இந்தக் கிருமி ஏன் ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு தலை தூக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடந்தது எல்லாம் அதை வைத்துத்தான் புரியும்.

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள். உடலின் செல்கள் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடலில் உள்ள ஒருசில வகைப் பாக்டீரியாக்கள் மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. மாற்றாத பித்த அமிலம் டிஃபிசிலின் வித்துகளை (கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவத்தை) முளைக்க வைக்கும். மாற்றிய பித்த அமிலம் அது வளர்வதைத் தடுக்கும். கிளின்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன், ஓஃப்ளாக்சசின் போன்றவை அந்த மாற்றும் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. டிஃபிசிலின் வித்தோ ஓடு போர்த்தித் தூங்குவதால் தப்பிவிடுகிறது. காவல் இல்லாத வயலில் முளைத்து, நச்சைச் சுரந்து, குடல் சுவரை அரிக்கிறது. நான் கொடுத்த ஓஃப்ளாக்சசின் மிச்சமிருந்த காவலையும் எடுத்திருக்கும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வயதாக ஆகக் குடல் பாக்டீரியாக்களின் வகைகள் பலருக்குக் குறைகின்றன, உணவு சுருங்கினால் இன்னும் குறைகின்றன. அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவில், வீட்டில் பலவகை உணவு உண்டவர்களைவிட நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன, அவர்களின் உடல்நலமும் நலிந்திருந்தது. எங்கள் ஆயா வீட்டில்தான் இருந்தார். ஆனால் அந்த ஒரு மாதம் பிரெட்டும் ரஸ்க்கும்தான் சாப்பாடு.

முதல் சிகிச்சை

டிஃபிசிலைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின் 125 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை, 10 நாள், வாய் வழியாக. காப்ஸ்யூல் அன்று கிடைக்கவில்லை. ஊசிக்கான 500 மில்லிகிராம் குப்பியை 10 மில்லி நீரில் கரைத்து, வேளைக்கு 2.5 மில்லி குடிக்கக் கொடுத்தார்கள். இரவுப் பணியில் இருந்தவர் ஊசிக் குப்பிதானே என்று நரம்பில் ஏற்ற எடுத்துப் போனார். மகன் சீட்டைக் காட்டித் தடுத்தார். நரம்பில் ஏற்றினால் இந்த மருந்து குடலுக்குள் போய்ச் சேராது. அதனால்தான் இப்போது சீட்டில் 'வாய் வழி மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறேன்.

நான்காம் நாள் போக்கு பாதியானது. ஜூன் முதல் வாரம் வீடு திரும்பினார்.

கர்ப்பிணி இருக்கும் வீடு

ஆயாவின் துணிகளை அலசியது பேரனின் மனைவிதான். கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் வாசலில் இருந்தது. அதைத் தடவிக்கொண்டால் போதும் என்று நம்பியிருந்தார்கள். இந்த வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கழிப்பறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவச் சொன்னேன். ஆயா வீட்டுக்கு வந்த முதல் வாரம் கழிப்பறைக் கல்லை மகனே குனிந்து தேய்த்தார். அந்த வீட்டில் அது அதற்குமுன் நடந்ததில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் அரிதாகத்தான் வரும். வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் கடுமையாகிவிடலாம். அவரை வேறு இடத்தில் வைக்க முடியுமா என்று கேட்டேன். வழியை மருமகளே சொன்னார்: "ஏழாம் மாசம் பொறந்துடுச்சு சார், வளைகாப்பை முன்னாடியே வெச்சு அம்மா வீட்டுக்கு அனுப்பிடறோம்." பத்து நாளில் எளிமையாக வளைகாப்பு முடிந்து, அவர் பாலக்கோடு பக்கத்தில் உள்ள தாய் வீட்டுக்குப் போனார். எந்த மனத்தாங்கலும் இல்லாமல் தனிமைப்படுத்தல் நடந்தது.

அங்கே நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வழக்கமான பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று இருந்ததால், அங்குள்ள மருத்துவர் சிறுநீரை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, 7 நாளுக்கு நைட்ரோஃபியூரன்டோயின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். இரண்டு மாத்திரை போட்டதும், "ஆயாவுக்கு ஆனது நமக்கும் ஆகிடும்" என்று பயந்து நிறுத்திவிட்டார். ஆயாவுக்கு மருந்து வாங்க வந்த பேரன் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னான். அன்றே போனில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்றை அப்படியே விட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம், குறைமாதப் பிரசவமும் நேரலாம். மேலும் அந்த மருந்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் வந்து சேரும். பெருங்குடலின் பாக்டீரியாக்களை அது அதிகம் தொடுவதில்லை. நிறைமாதத்தில்தான் அதைத் தவிர்ப்போம். விளக்கியதும் மீண்டும் தொடங்கி முழுதாக முடித்தார். அடுத்த கல்ச்சர் சுத்தமாக இருந்தது.

ஆன்டிபயாடிக்கின் தீமையைப் பற்றி அந்த வீட்டில் நான்தான் நிறையப் பேசியிருந்தேன். எப்போது அது கட்டாயம் வேண்டும் என்பதை அதே அளவுக்குப் பேசவில்லை.

நோய் திரும்பியது, இரண்டு முறை

வான்கோமைசின் முடிந்து 16-ஆம் நாள் மறுபடி போக்கு. முதல் முறை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்பும். ஒருமுறை திரும்பியவருக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். வான்கோமைசின் டிஃபிசிலைக் கொல்கிறது, ஆனால் இழந்த பாக்டீரியாக்களை அது திருப்பித் தருவதில்லை. வித்துகள் காத்திருக்கின்றன.

இம்முறை படிப்படியாகக் குறைக்கும் முறை: நாளுக்கு நான்கு வேளை 14 நாள், இரண்டு வேளை 7 நாள், ஒரு வேளை 7 நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என 4 வாரம். பான்டோபிரசோலை நிறுத்தினோம். அது இந்த நோயோடு தொடர்புள்ளதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவருக்கு அதன் தேவையும் இல்லை. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) பொட்டலம் வாங்கலாமா என்று மகன் கேட்டார். இந்த நோய் திரும்புவதைத் தடுக்க அவை உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, அந்தக் காசில் பயறும் கீரையும் வாங்கச் சொன்னேன். போக்கு நின்றதும் களியையும் மோரையும் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஆகஸ்ட் முதல் பாதியில் கொள்ளுப்பேரன் பிறந்தான். குழந்தை குறுக்கே இருந்ததால் சிசேரியன். சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளின் குடலில் முதல் மாதங்களில் பாக்டீராய்டிஸ் போன்ற சில பாக்டீரியா வகைகள் குறைவாக இருப்பது உண்மை. உறவில் படித்த பெண் ஒருவர், தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தைமேல் தடவலாமா என்று கேட்டார். ஆய்வுக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம், தாயின் தொற்று ஏதாவது குழந்தைக்குப் போய்விடலாம் என்றேன். இன்னொரு பக்கம் கழுதைப் பால் வாங்கி வரப் புறப்பட்டவரையும் தடுக்க வேண்டியிருந்தது. சீம்பாலும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதும்தான் நான் சொன்னது. தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவுக்கான தீனி.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆயாவுக்கு மருந்து முடிந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரம் மூன்றாவது முறையாகப் போக்கு. எடை 54 கிலோவிலிருந்து 41-க்கு வந்திருந்தது. "போதும் சார், விட்டுடுங்க" என்றார்.

முடிவெடுத்த விதம்

இரண்டு முறை திரும்பிய பிறகு, நலமான ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களை நோயாளியின் குடலுக்கு மாற்றும் சிகிச்சையைப் பரிந்துரைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. 1958-இல் அமெரிக்காவில் நான்கு நோயாளிகளுக்கு இதைச் செய்து வெளியிட்டார்கள். 2013-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பெங்களூருவில் இதைச் செய்யும் குடல் மருத்துவர் ஒருவரிடம் பேசினேன்.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மகன் முகம் சுளித்தார். புரட்டாசி பிறக்கப்போகிறது, முடியட்டும் என்றார். ஒரு மாதம் தாங்கும் உடம்பு அது இல்லை. ஆயாவிடம் நேராகவே பேசினேன். உள்ளே இருந்த நல்ல கிருமிகள் மருந்தில் போய்விட்டன, வேறு ஒருவரிடமிருந்து கொண்டுவந்து விட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனைப் பார்த்துச் சொன்னார்: "காய்ச்சின பால் தானா தயிர் ஆவுமாடா? பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி மோரு வாங்கி உறை ஊத்தறோம் இல்ல? அதான். போலாம்."

இதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. இப்போது மற்ற நோயாளிகளிடம் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

கொடையாளியைத் தேர்வதில் இரண்டு வாரம் போனது. அதுவரை வான்கோமைசினில் வைத்திருந்தோம். மகன் முன்வந்தார். ஒரு மாதம் முன்பு சளிக்கு அசித்ரோமைசின் போட்டிருந்ததால் தள்ளுபடி. கல்லூரியில் படிக்கும் இளைய பேரனின் மலத்தில் பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 2019-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட கிருமி கொடையாளியிடமிருந்து போய் ஒருவர் இறந்ததால், அந்தப் பரிசோதனையை யாரும் இப்போது விடுவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், ஒட்டுண்ணிகள் எல்லாம் பார்த்து, ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் மகள் வழிப் பேரன் தேறினான்.

விளைவு

செப்டம்பர் கடைசியில் பெங்களூருவில், வான்கோமைசினை நிறுத்தி, குடலைச் சுத்தம் செய்து, கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகச் செய்தார்கள். அன்று மாலையே சாப்பிட்டார். மூன்றாம் நாள் இரண்டு முறை, ஆறாம் நாள் ஒருமுறை, கட்டியாக. எட்டு வாரம் கழித்தும் போக்கு இல்லை. போக்கு இல்லாதபோது மலத்தை மறுபடி சோதிப்பதில் பயன் இல்லை என்பதால் சோதிக்கவில்லை.

கொள்ளுப்பேரனை மூன்றாம் மாதம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தூக்கலாமா என்று கேட்க ஆயா கிளினிக்குக்கே வந்துவிட்டார். கைக்குழந்தைகள் பலர் இதே டிஃபிசிலைக் குடலில் வைத்துக்கொண்டே எந்த நோயும் இல்லாமல் இருப்பார்கள். 1935-இல் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டதே பிறந்த குழந்தைகளின் மலத்தில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்கச் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து எடை 52 கிலோ. இடையில் ஒருமுறை பல் வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. பல் மருத்துவரே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கிளின்டாமைசினைத் தவிர்த்து, சீழை எடுத்துவிட்டு, அமாக்சிசிலின் 3 நாளோடு நிறுத்தினோம். நோய் திரும்பவில்லை.

இப்போது மாற்றியிருப்பவை

வயிற்றுப்போக்கோடு வரும் ஒவ்வொருவரிடமும் கடந்த மூன்று மாதத்தில் போட்ட மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் கேட்கிறேன். பெயர் தெரியாவிட்டால் பையோடு வரச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் போட்டவர், 65-ஐத் தாண்டியவர் என்றால், மலப் பரிசோதனை வரும் வரை லோபரமைடு இல்லை. ஓஃப்ளாக்சசின் கூட்டு மாத்திரை எழுதுவதைப் பெருமளவு விட்டுவிட்டேன். பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஓ.ஆர்.எஸ்., குழந்தைகளென்றால் துத்தநாகம், பொறுமை இவற்றிலேயே சரியாகிறது. நெஞ்செரிச்சல் மாத்திரை போடுபவர்களிடம், யார் எழுதியது, எப்போது நிறுத்தச் சொன்னார்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை.

காலில் புண்ணோடு வரும் முதியவர்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போதே, களியை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் போனால் மெடிக்கலுக்குப் போகாமல் நேரே இங்கே வர வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தன்னார்வலர் தன் வட்டாரத்தில் உள்ள முதியவர்கள் எல்லோருடைய மஞ்சப்பையையும் மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் படம் அனுப்புகிறார். போன மாதம் அப்படி ஒரு படம் வந்தது. 68 வயதுக்காரர், சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்கு ஊசி போட்டு இரண்டு வாரம், நேற்றிலிருந்து ஐந்து முறை போக்கு. அன்றே மலத்தை அனுப்பிவிட்டோம்.